பழைய கிரிக்கெட் கார்டு வாங்கக் கிளம்பும் குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

இரண்டு வருடத்துக்கு முன்னால் இங்கிலாந்திலிருந்து, வீரர்களின் படம் அச்சடித்த ஆறு பழைய கிரிக்கெட் கார்டுகளை வாங்கினேன். பணம் போனது. பார்சல் சென்னை வரைக்கும் வந்தது. வீட்டுக்கு வரவில்லை. கூரியர் நிறுவனம் ஆவணம் கேட்டு அனுப்பிய மின்னஞ்சல் ஸ்பேம் பெட்டியில் கிடந்திருக்கிறது. நான் பார்ப்பதற்குள் பார்சலைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். விற்றவர் கார்டுக்கான பணத்தை மட்டும் திருப்பித் தந்தார், தபால் செலவு போனது போனதுதான். அதற்கு அடுத்த முறை பார்சல் ஒழுங்காக வந்து சேர்ந்தது, உள்ளே இருந்ததில் இரண்டு மறுபதிப்பு.

நாகர்கோவிலில் இருந்துகொண்டு இந்தக் கார்டுகளைச் சேர்ப்பதற்கு யாரிடமும் வழி கேட்க முடியவில்லை. தபால்தலைக்கும் நாணயத்துக்கும் ஆள் உண்டு, விளையாட்டுக் கார்டுக்கு இல்லை. நான் தட்டுத் தடுமாறிக் கற்றதை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

1. எதைச் சேர்க்கப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

"பழைய விளையாட்டுக் கார்டு" என்று தேடினால் அமெரிக்க பேஸ்பால் கார்டுகள்தான் வந்து கொட்டும். 1952இல் டாப்ஸ் நிறுவனம் வெளியிட்ட, மிக்கி மேண்டில் என்ற பேஸ்பால் வீரரின் கார்டு ஒன்று 2022இல் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போனது என்ற செய்தியும் கூடவே வரும். அந்த உலகம் நமக்கு வேண்டாம். நம் ஊர்க்காரருக்குக் கைக்கு எட்டுகிற வகைகள் என்று நான் கருதுவது மூன்று.

முதலாவது, பிக் ஃபன் பபுள்கம் கார்டுகள். எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளிலும் பள்ளிக்கூடம் போனவர்களுக்கு விளக்கவே வேண்டாம். முன்பக்கம் வீரரின் படம், பின்பக்கம் இத்தனை ரன் அல்லது இத்தனை விக்கெட் என்று போட்டிருக்கும். சேர்த்துக் கொடுத்தால் பக்கங்களை வேகமாகப் புரட்டிப் பார்க்கும் ஃபிளிப் புத்தகம் கிடைக்கும். அப்படிக் கொடுத்து மாற்றியதால்தான் நல்ல நிலையில் மிஞ்சியவை குறைவு. வீரர்களின் ரன், விக்கெட் எண்களை ஒப்பிட்டு ஆடும் இதே காலத்து டிரம்ப் கார்டு கட்டுகளையும் இந்த வகையிலேயே சேர்த்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, இங்கிலாந்தின் சிகரெட் கார்டுகள். வில்ஸ், பிளேயர்ஸ் போன்ற நிறுவனங்கள் சிகரெட் பாக்கெட்டுக்குள் வைத்துக் கொடுத்தவை. பிளேயர்ஸ் 1930, 1934, 1938 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் 50 கார்டுகள் கொண்ட கிரிக்கெட் வீரர்கள் தொகுப்பை வெளியிட்டது. மூன்றிலும் ஆஸ்திரேலியாவின் பிராட்மன் உண்டு. 1930 தொகுப்பில், இங்கிலாந்து அணிக்கு ஆடிய நம் நாட்டுத் துலீப்சிங்ஜியும் இருக்கிறார். 90 வருடப் பழைய அட்டை என்றாலும் லட்சக்கணக்கில் அச்சடித்தவை என்பதால், பிராட்மன் போன்றவர்களை விட்டுவிட்டால் சாதாரண கார்டு ஒன்று சில பவுண்டுக்கே கிடைக்கும். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்.

மூன்றாவது, கால்பந்து. தூத்தூர், சின்னத்துறை பக்கத்துக்காரர்களுக்குக் கிரிக்கெட்டைவிட இதுதான் உயிர். உலகக் கோப்பைக்கு பனினி நிறுவனம் ஸ்டிக்கர் ஆல்பம் வெளியிடத் தொடங்கியது 1970இல். வளைகுடாவில் வேலை பார்த்தவர்கள் பிள்ளைகளுக்கு வாங்கி வந்த ஆல்பங்கள் கடற்கரை ஊர்களில் இன்னும் சில வீட்டு அலமாரிகளில் இருக்கின்றன.

ஏதாவது ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். நான் மூன்றிலும் கால் வைத்தேன், முதல் வருடம் எதிலும் ஒரு தொகுப்புகூட முழுமையாகவில்லை.

2. ஆயிரம் ரூபாய்க்குள் நான்கு சாமான்கள்

கார்டு வாங்குவதற்கு முன்பு இவற்றை வாங்குங்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் சிறு லென்ஸ், நகைப் பட்டறையில் கண்ணில் இடுக்கிக்கொள்வார்களே, அது. மில்லிமீட்டர் அளவு தெளிவாக உள்ள ஒரு ஸ்டீல் ஸ்கேல். கள்ள நோட்டு பார்க்கும் ஊதா டார்ச். அப்புறம் பிளாஸ்டிக் உறைகள். உறையில் பிவிசி என்று எழுதியிருந்தால் எடுக்காதீர்கள், நாள்பட அட்டையில் ஒட்டிக் கறையாக்கும். பாலிபுரொப்பிலீன் என்று கேட்டு வாங்குங்கள்.

ஸ்கேல் எதற்கு என்றால், அளவுதான் முதல் சாட்சி. வழக்கமான சிகரெட் கார்டு 68 மில்லிமீட்டர் உயரம், 36 மில்லிமீட்டர் அகலம் இருக்கும். இதில் ஒரு பக்கம் மட்டும் ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் குறைந்தால் மழுங்கிய முனையை மறைக்க யாரோ வெட்டியிருக்கிறார்கள் என்று பொருள். அமெரிக்க கார்டில் இது இன்னும் முக்கியம். டாப்ஸ் கார்டுகள் 1957இல்தான் இப்போதைய இரண்டரைக்கு மூன்றரை அங்குல அளவுக்கு வந்தன. 1952 முதல் 1956 வரை அதைவிடப் பெரியவை. 1952 தொகுப்பை டாப்ஸே 1983இல் சின்ன அளவில் மறுபதிப்பாகவும் போட்டது. "1952 அசல்" என்று ஒருவர் தருகிற கார்டு இரண்டரைக்கு மூன்றரை அங்குலம் இருந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

ஊதா டார்ச்சுக்கு வேலை இருட்டறையில். இப்போதைய வெள்ளைக் காகிதத்தில் பளிச்சென்று தெரிய ஒரு ரசாயனம் சேர்க்கிறார்கள். ஊதா வெளிச்சம் பட்டால் அது நீலமாக ஒளிரும். 1930களின் அட்டையில் அது கிடையாது, மங்கலாகவே இருக்கும். 1934 கார்டு என்று வாங்கியது டியூப்லைட் போல ஒளிர்ந்தால் அது சமீபத்து அச்சு. எனக்கு வந்த இரண்டு மறுபதிப்பையும் இப்படித்தான் கண்டுபிடித்தேன், வாங்கி நான்கு மாதம் கழித்து.

3. மாவட்டத்துக்குள் எங்கே தேடுவது

பழைய பேப்பர் கடைதான் முதல் இடம். குழித்துறை, களியக்காவிளை பக்கம் ஆக்ரிக்கடை என்பார்கள். பழைய ஓட்டு வீட்டை இடித்து கான்கிரீட் வீடு கட்டும்போது, மச்சிலும் டிரங்குப் பெட்டியிலும் கிடந்த நோட்டு, புத்தகம், ஆல்பம் எல்லாம் எடைக்குப் போய்விடும். கோட்டாறு, வடசேரி, திங்கள்சந்தை, மார்த்தாண்டம் எங்கே போனாலும் இப்படிப்பட்ட கடைகள் இருக்கும்.

ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வருவதால் பயன் இல்லை. கடைக்காரருக்கு உங்களைத் தெரிய வேண்டும், என்ன தேடுகிறீர்கள் என்பதும் தெரிய வேண்டும். நான் ஒரு கார்டை உறையில் போட்டுக் கொண்டுபோய் நான்கு கடைகளில் காட்டினேன். "இந்த மாதிரி அட்டை வந்தா எடுத்து வையுங்க அண்ணாச்சி, எடைக்குத் தர்றதவிட நல்லாத் தர்றேன்" என்று சொல்லி ஃபோன் நம்பர் கொடுத்து வந்தேன். மூன்று மாதம் சத்தமே இல்லை. ஒரு நாள் கோட்டாறுக் கடைக்காரர் கூப்பிட்டார். "மக்களே, படம் உள்ள அட்ட கொஞ்சம் கெடக்கு, சாயங்காலம் வந்து பாரு" என்றார். போனால் ஒரு ஜியாமெட்ரி பாக்ஸ் நிறைய பிக் ஃபன் கார்டு. பாதி ஈரம் பட்டு ஒட்டிக் கிடந்தது. பிரிந்து வந்தது 38. அறுநூறு ரூபாய் கொடுத்தேன். அவர் கேட்டது நூறு. கூடக் கொடுத்ததற்குக் காரணம் உண்டு. அடுத்த பெட்டி வரும்போது அவர் கூப்பிட வேண்டும்.

ஒட்டிக் கிடக்கும் கார்டைக் கடையில் நின்றுகொண்டே பிய்க்காதீர்கள். மொத்தமாக வாங்கி வந்து நிழலில் ஓரிரு நாள் உலரவிட்டு, விளிம்பிலிருந்து மெதுவாகப் பாருங்கள்.

இரண்டாவது இடம் நாணயம், தபால்தலைக் கண்காட்சிகள். கண்காட்சி எப்போது என்று அறிய, நாணயம் சேர்க்கிறவர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் சேர்ந்துகொள்வதுதான் எளிய வழி. மேசைமேல் கார்டைப் பரப்பி வைத்திருக்க மாட்டார்கள். "தீப்பெட்டிப் படம், சிகரெட் கார்டு ஏதாவது இருக்கா?" என்று கேட்டால் மேசைக்கு அடியில் இருந்து ஒரு ஷூ பெட்டி வெளியே வரும். கடைசி நாள் மதியத்துக்கு மேல் போனால் விலை இறங்கும். ஆனால் நல்லதெல்லாம் முதல் நாள் காலையிலேயே போய்விடும். நான் முதல் நாள் காலை ஆள்.

மூன்றாவது, தெரிந்தவர் வீடுகள். இதில் ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். வீட்டில் பெரியவர்கள் இல்லாத நேரத்தில் பிள்ளைகளிடம் வாங்காதீர்கள். கார்டின் மதிப்பு உங்களுக்குத் தெரிந்திருந்தால் அதை அவர்களிடம் சொல்லிவிட்டு விலை பேசுங்கள். சின்ன மாவட்டம் இது, பேர் கெட்டால் அடுத்த வீட்டுக் கதவு திறக்காது.

4. பக்கத்து ஊர்களும் பெரிய ஊர்களும்

திருவனந்தபுரம் நமக்கு ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குள். பாளையம் பக்கத்துப் பழைய புத்தகக் கடைகளை ஒரு தடவை பார்த்து வரலாம். கார்டைவிடப் பழைய விளையாட்டு இதழ்கள்தான் கிடைக்கும். சில சமயம் இதழுக்குள் யாரோ வைத்த கார்டு அப்படியே இருக்கும். சென்னைக்குப் போனால் சென்ட்ரல் பக்கத்தில் அல்லிக்குளம் வளாகத்தில் உள்ள மூர் மார்க்கெட் கடைகள். மும்பை போகும் வேலை இருந்தால் சோர் பஜாரின் மட்டன் தெரு. ஆனால் கார்டுக்காக மட்டும் டிக்கெட் எடுத்துப் போகாதீர்கள், ரயில் கட்டணம் திரும்பி வராது.

5. முகநூல், வாட்ஸ்அப் குழுக்களில் வாங்கும்போது

பிக் ஃபன், டிரம்ப் கார்டு வகைகளுக்கு இப்போது பெரிய சந்தை இதுதான். மும்பை, கொல்கத்தா, பெங்களூரு என்று எங்கிருந்தோ விற்பார்கள். பணம் யுபிஐயில் முன்கூட்டியே போகும், கார்டு பிறகு வரும். ஏமாறும் இடமும் இதுதான்.

விற்பவரிடம் நான் கேட்பவை இவை. முன்பக்கம், பின்பக்கம் இரண்டுக்கும் படம். நான்கு முனைகளையும் கிட்டத்தில் எடுத்த படம். கார்டைச் சாய்த்துப் பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்த படம் ஒன்று, மடிப்பு இருந்தால் அதில்தான் தெரியும். கூடவே அன்றைய தேதியை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கார்டு பக்கத்தில் வைத்து எடுத்த படம். கார்டு உண்மையிலேயே அவர் கையில்தான் இருக்கிறது என்பதற்கு அதுதான் ஆதாரம். உண்மையான சேகரிப்பாளர் இதற்கெல்லாம் கோபப்பட மாட்டார். கோபப்பட்டால் விட்டுவிடுங்கள்.

முதல் தடவை 500 ரூபாய்க்குள் வாங்குங்கள். ஒழுங்காக வந்தால் அடுத்தது பெரிதாக. பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்று சொல்லி கியூஆர் குறியீடு அனுப்பினால் ஸ்கேன் செய்து யுபிஐ ரகசிய எண்ணை (PIN) போடாதீர்கள். பணம் நம் கணக்குக்கு வருவதற்கு அந்த ரகசிய எண் தேவையே இல்லை. பணம் போய்விட்டது என்று தெரிந்தால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள். எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை முடக்கி வைக்க வழி உண்டு.

பதிவுத் தபாலில் அனுப்புகிறேன் என்று இன்னும் சிலர் சொல்கிறார்கள். 2025 செப்டம்பர் 1 முதல் அது ஸ்பீடு போஸ்ட்டோடு இணைந்துவிட்டது. ஸ்பீடு போஸ்ட் கட்டணத்தைக் கொடுத்து, ரசீதுப் படத்தை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கார்டை இரண்டு தடித்த அட்டைகளுக்கு நடுவில் வைத்து, அதன்மேல் பிளாஸ்டிக் கவரும் போடச் சொல்லுங்கள். ஆனி ஆடியிலும் ஐப்பசி கார்த்திகையிலும் நமக்கு மழை. தபால்காரர் பையில் எவ்வளவு பத்திரமாக வைத்திருந்தாலும் உறை நனையும்.

6. வெளிநாட்டில் வாங்குவதற்கு முன் முடிக்க வேண்டிய நான்கு வேலைகள்

இதை மட்டும் அவசரப்படாமல் வாசியுங்கள். எனக்கு அடி விழுந்தது இங்கேதான்.

முதல் வேலை, வங்கி அட்டை. நம் டெபிட், கிரெடிட் கார்டுகள் புதிதாகக் கொடுக்கும்போது உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு மட்டுமே திறந்திருக்கும். வங்கி செயலியில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை நீங்களே திறந்து, உச்ச வரம்பும் வைக்க வேண்டும். வாங்கி முடித்ததும் மூடிவிடுங்கள். வெளிநாட்டு நாணயத்துக்கு வங்கி எத்தனை சதவீதம் கூடுதலாகப் பிடிக்கும் என்பதையும் கேட்டு வையுங்கள். என் வங்கி மூன்றரை சதவீதம் பிடிக்கிறது.

இரண்டாவது, பெயர். ஈபே என்ற இணைய விற்பனைத் தளத்தில் உங்கள் கணக்கில் உள்ள பெயர், பார்சலில் எழுதும் பெயர், ஆதாரில் உள்ள பெயர் மூன்றும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். நம்மில் பலருக்கு ஆதாரில் அப்பா பெயரின் முதலெழுத்து முன்னால் இருக்கும், பான் அட்டையில் அப்பா பெயர் முழுதாகப் பின்னால் வரும். வீட்டில் கூப்பிடும் பெயரில் ஈபே கணக்குத் தொடங்கியவர்களும் உண்டு. பார்சல் சுங்கத்தில் நிற்கும்போதுதான் இது பிரச்சினையாக வெடிக்கும். ஆதாரில் உள்ளபடியே கணக்கைத் திருத்திக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, முகவரி. இது நம் மாவட்டத்துக்கென்றே உள்ள பொறி. நகரம் என்ற கட்டத்தில் பலர் கன்னியாகுமரி என்று எழுதிவிடுகிறார்கள், மாவட்டத்தின் பெயர் என்பதால். கன்னியாகுமரி என்று ஒரு ஊரும் இருக்கிறது, அதற்குத் தனிப் பின்கோடும் இருக்கிறது. நாகர்கோவிலுக்கு வர வேண்டியது அங்கே போய்த் திரும்பி வர ஒரு வாரம் ஆகலாம். நகரம் என்ற இடத்தில் உங்கள் அஞ்சல் ஊரையே எழுதுங்கள். நாகர்கோவில் என்றால் 629001, மார்த்தாண்டம் என்றால் 629165 என்பதுபோல உங்கள் அஞ்சலகத்தின் பின்கோடு சரியாக இருக்கட்டும். வீட்டு எண்ணோடு வீட்டுப் பெயர், பக்கத்துக் கோயில் அல்லது சர்ச், ஃபோன் நம்பர் நான்கையும் சேருங்கள். கிராமப் பகுதியில் தபால்காரர் வீட்டுப் பெயரை வைத்துத்தான் வருவார்.

நான்காவது, ஆவணங்கள். ஆதார், பான் இரண்டையும் ஸ்கேன் செய்து ஃபோனில் ஒரே கோப்புறையில் வையுங்கள். வாங்கியதும் அதே இடத்தில் விலைப் பட்டியல், பணம் கட்டியதற்கான வங்கிக் குறுஞ்செய்தி அல்லது கணக்கு அறிக்கை, விற்பனைப் பக்கத்தின் முழுப் படம் மூன்றையும் சேருங்கள். விற்பனைப் பக்கம் சில மாதங்களில் இணையத்திலிருந்து காணாமல் போய்விடும், அதனால் அன்றைக்கே எடுத்து வைத்துவிடுங்கள்.

7. வெளிநாட்டில் எங்கே வாங்குவது

சிகரெட் கார்டு என்றால் நான் முதலில் சொல்வது லண்டன் சிகரெட் கார்டு கம்பெனி. பெயரில் லண்டன் இருந்தாலும் கடை இருப்பது சாமர்செட்டில் உள்ள சாமர்டன் என்ற சிற்றூரில். 1927 முதல் இதே தொழில். முழுத் தொகுப்பாகவும் கிடைக்கும், ஒற்றைக் கார்டாகவும் கிடைக்கும். 50இல் 43 சேர்ந்துவிட்டது, மீதி ஏழு வேண்டும் என்கிறவர்களுக்கு இது பெரிய உதவி. தொகுப்புக்கும் ஒற்றைக் கார்டுக்கும் போட்ட விலைதான். ஈபேயில் கிடைக்கும் அடிமாட்டு விலை இங்கே இருக்காது. ஆனால் வந்தது அசலா என்று டார்ச் அடித்துப் பார்க்கும் கவலை இல்லை.

அடுத்தது ஈபே. அதன் இந்தியத் தளம் 2018 ஆகஸ்டில் மூடப்பட்டது. பிரிட்டன், அமெரிக்கத் தளங்களில் இந்திய முகவரியோடு வாங்கலாம். தேடும்போது இந்தியாவுக்கு அனுப்புவார்களா என்பதை முதலிலேயே வடிகட்டிக்கொள்ளுங்கள். விற்பவரின் பழைய மதிப்பீடுகளை வாசியுங்கள். அவர் இதற்கு முன் கார்டு விற்றிருக்கிறாரா, பீங்கான் கோப்பையும் பழைய துணியும் மட்டும் விற்றவரா என்று பாருங்கள். விலை சரிதானா என்று அறிய, விற்பனைக்கு நிற்கும் விலையைப் பார்க்காதீர்கள். அதை யாரும் எவ்வளவும் போடலாம். விற்று முடிந்தவை என்ற வடிகட்டியைப் போட்டு, நிஜமாகப் பணம் கைமாறிய விலையைப் பாருங்கள்.

ஏலம் முடியும் நேரம் ஒரு சங்கடம். இங்கிலாந்தில் ஞாயிறு இரவு 8 மணிக்கு முடியும் ஏலம், அவர்களுக்குக் குளிர்காலமாக இருந்தால் நமக்குத் திங்கள் அதிகாலை 1.30. கோடையில் 12.30. கண் விழித்து உட்கார்ந்தால் கை பதறிக் கூடக் கேட்டுவிடுவோம். உங்கள் உச்ச விலையைச் சாயங்காலமே போட்டுவிட்டுத் தூங்குங்கள். அந்த அளவுக்குள் தேவையான அளவு மட்டும் தளமே ஏற்றிக்கொள்ளும்.

"தளத்துக்கு வெளியே தாருங்கள், குறைத்துத் தருகிறேன்" என்று ஒருவர் எழுதினால் வேண்டாம். இணையத்தில் பணம் அனுப்பும் சேவையான பேபாலைச் சொல்லி, "பேபாலில் நண்பருக்கு அனுப்புவது போல அனுப்புங்கள்" என்றாலும் வேண்டாம். அப்படி அனுப்பினால் வாங்குபவருக்கான பாதுகாப்பு இல்லை. முறையாகப் பொருளுக்கென்று கட்டினால் பேபாலில் 180 நாட்களுக்குள் புகார் தரலாம். ஈபேயில் கார்டு வரவில்லை என்றால், வந்து சேரும் என்று அவர்கள் சொன்ன தேதியிலிருந்து 30 நாள்தான் அவகாசம். அந்தத் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

விற்பனைப் பக்கத்தில் கவனிக்க வேண்டிய சொற்கள் சில. இங்கிலாந்தில் பழைய தொகுப்புகளை மறுபதிப்பாக அச்சிட்டு விற்பது வெளிப்படையாக நடக்கும் தொழில். 1896இல் வந்த வில்ஸ் கிரிக்கெட் தொகுப்பு போன்றவற்றுக்கு மறுபதிப்பு உண்டு. விற்பவர் பெரும்பாலும் மறைக்க மாட்டார், விளக்கத்தின் கடைசி வரியில் ரீபிரின்ட் என்று இருக்கும். நான் தலைப்பையும் படத்தையும் மட்டும் பார்த்து வாங்கினேன். அடுத்து, ஆண்டு. காகிதத் தட்டுப்பாட்டால் போர்க்காலத்தில், 1940இல், பிரிட்டிஷ் சிகரெட் பாக்கெட்டுகளில் கார்டு வைப்பது நின்றுபோனது. 1945 பிளேயர்ஸ் கார்டு என்று போட்டிருந்தால் விற்பவருக்கு விஷயம் தெரியவில்லை என்று பொருள்.

8. வீடு வந்து சேரும் விலையைக் கணக்குப் பாருங்கள்

கார்டின் விலை வேறு, அது உங்கள் மேசைக்கு வரும் விலை வேறு. சுங்க வரியைக் கார்டின் விலைக்கு மட்டும் போட மாட்டார்கள், தபால் செலவையும் சேர்த்த தொகைக்குப் போடுவார்கள். அதன்மேல் ஜிஎஸ்டியும் வரும். வீதம் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறுகிறது, வாங்கும் வாரத்தில் சுங்கத் துறையின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். கணக்குக்காக எல்லாம் சேர்த்து 40 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம்.

2,000 ரூபாய்க் கார்டு ஒன்று. தபால் 900. வங்கி பிடிப்பது சுமார் 100. 2,900க்கு 40 சதவீதம் 1,160. கூரியர்காரர் சுங்க வேலைக்கு வாங்கும் கட்டணம் 500. ஆக 4,660 ரூபாய். இரண்டு மடங்குக்கு மேல்.

அதே கார்டு ஐந்தை ஒரே பார்சலில் வரவழைத்தால் கார்டுகள் 10,000, தபால் 1,100, வங்கி 390, வரி 4,440, கூரியர் 500. மொத்தம் 16,430. ஒரு கார்டுக்கு 3,286. ஒற்றைக் கார்டு வரவழைப்பதை நான் நிறுத்தியதற்கு இந்தக் கணக்குதான் காரணம். ஒரே விற்பனையாளரிடம் ஐந்தாறு கார்டு பிடித்து, "எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு ஒரே விலைப் பட்டியல் அனுப்புங்கள்" என்று பணம் கட்டும் முன்பே எழுதுங்கள். கட்டிய பிறகு கேட்டால் சிலர் செய்ய மாட்டார்கள். நாகர்கோவிலிலோ தக்கலையிலோ இன்னொரு சேகரிப்பாளர் கிடைத்தால் அவருடைய பட்டியலையும் சேர்த்துக்கொள்ளலாம்.

சில விற்பனையாளர்கள் உதவி செய்வதாக நினைத்து, "பரிசு என்று எழுதி அனுப்பட்டுமா?" என்று கேட்பார்கள். 2019 டிசம்பரிலிருந்து, ராக்கியும் உயிர் காக்கும் மருந்தும் தவிர, பரிசு என்பதற்காக வரிச்சலுகை கிடையாது. "விலையைக் குறைத்துப் போடட்டுமா?" என்றாலும் மறுத்துவிடுங்கள். பொய்க் கணக்கு என்று பார்சல் சிக்கும். தொலைந்துபோனால் நஷ்ட ஈடும் அந்தக் குறைத்த விலைக்குத்தான்.

9. பார்சல் கிளம்பிய பிறகு

தபால் வழியா கூரியர் வழியா என்பதைப் பொறுத்து வேலை மாறும். கூரியரில் வேகம் அதிகம், எனக்கு எட்டு, பத்து நாளில் வந்திருக்கிறது. ஆனால் கேஒய்சி என்கிற அடையாளச் சான்று கேட்பார்கள், அதுவும் மின்னஞ்சலிலோ குறுஞ்செய்தியிலோ. இரண்டு மூன்று நாளில் பதில் போகாவிட்டால் கிடங்கு வாடகை ஏறும், அப்புறம் திருப்பி அனுப்புவார்கள். பார்சல் கிளம்பிய நாள் முதல் தினமும் காலையில் ஸ்பேம் பெட்டியைத் திறந்து பாருங்கள். தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் எடுங்கள். ஆனால் ஆவணத்தை ஏற்றுவதற்கு முன், அந்த இணைப்பு உண்மையிலேயே கூரியர் தளத்துடையதுதானா என்று பாருங்கள். சுங்க வரி கட்டச் சொல்லிப் போலிக் குறுஞ்செய்தி அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். டிராக்கிங் எண்ணைக் கூரியர் தளத்தில் நீங்களே போட்டுப் பார்ப்பதுதான் பத்திரம்.

தபாலில் வந்தால் எனக்கு மூன்று முதல் ஆறு வாரம் ஆகிறது, கிறிஸ்துமஸ் சமயத்தில் இன்னும் கூட. டிராக்கிங் உள்ள சேவையையே கேளுங்கள். சுங்கத்துக்குச் சந்தேகம் வந்தால் விவரம் கேட்டுக் கடிதம் வரும். விலைப் பட்டியல், பணம் கட்டிய சான்று, அடையாளச் சான்று மூன்றையும் வைத்து, "சொந்தச் சேகரிப்புக்கு வாங்கிய பழைய அச்சுப் படக் கார்டுகள், விற்பனைக்கல்ல" என்று ஒரு பக்கத்தில் எழுதி, பார்சல் எண்ணைத் தவறாமல் போட்டு அனுப்புங்கள். வரி போட்டிருந்தால் தபால்காரர் வீட்டில் தரும்போதே வாங்கிக்கொள்வார். பார்சல் வரும் வாரத்தில் கையில் பணம் இருக்கட்டும். ரசீதை வாங்கி அந்தக் கோப்புறையிலேயே வையுங்கள், பின்னால் விற்கும்போது கார்டு எப்படி வந்தது என்பதற்கு அதுதான் சான்று.

உறையைப் பிரிக்கும்போது ஃபோனில் வீடியோ எடுங்கள். முத்திரை, எடை, பிரிக்கும் காட்சி, கார்டு எல்லாம் ஒரே தொடர்ச்சியாக. கார்டு மாறி வந்தது, மடங்கி வந்தது என்று சொல்ல அதைவிட நல்ல ஆதாரம் இல்லை. அன்றைக்கே ஸ்கேலும் டார்ச்சும் வைத்துப் பார்த்துவிடுங்கள். நான்கு மாதம் கழித்துப் பார்த்தால் யாரும் பணம் தர மாட்டார்கள்.

10. தரம் பிரித்த கார்டுகள் பற்றிக் கொஞ்சம்

பிஎஸ்ஏ, எஸ்ஜிசி, பெக்கெட் போன்ற நிறுவனங்கள் கார்டைப் பரிசோதித்து, 10க்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு, கெட்டியான பிளாஸ்டிக் பெட்டியில் மூடித் தரும். விலை உயர்ந்த பிராட்மன் கார்டு மாதிரி ஒன்று வாங்கினால் இப்படி மூடியதையே வாங்குங்கள். பெட்டியில் உள்ள எண்ணை அந்த நிறுவனத்தின் தளத்தில் போட்டுப் பார்த்து, விவரமும் படமும் ஒத்துப்போகிறதா என்று சரிபாருங்கள். பெட்டியையும் போலியாகச் செய்கிறார்கள்.

நம் கையில் உள்ள கார்டை இங்கிருந்து அனுப்பித் தரம் பிரித்து வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. போகச் செலவு, வரச் செலவு, திரும்பி வரும்போது சுங்கக் கேள்வி வேறு. நூறு வருடம் தாண்டிய தொல்பொருளை நாட்டைவிட்டு அனுப்ப 1972ஆம் ஆண்டுச் சட்டம் தனியாருக்கு அனுமதி தருவதில்லை. 1896, 1901 ஆண்டுக் கார்டு கையில் இருந்தால் தொல்லியல் துறையிடம் கேட்காமல் தபாலில் போடாதீர்கள்.

11. நம் ஊர் ஈரத்தில் வைத்திருப்பது

இடவப்பாதியும் வரும், ஐப்பசி மழையும் வரும், கடல் காற்று வருடம் முழுக்க. பிளேயர்ஸ் 1938 போன்ற 1930களின் பிற்பகுதித் தொகுப்புகள் பலவற்றின் பின்பக்கத்தில், ஆல்பத்தில் ஒட்டுவதற்கான பசை இருக்கும். 80 வருடம் கழித்தும் அந்தப் பசைக்கு உயிர் உண்டு. இரண்டு கார்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஒரு மழைக்காலம் விட்டால் ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு கார்டுக்கும் தனி உறை, எல்லாம் சேர்ந்து காற்றுப் புகாத டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு. நிறம் மாறும் வகைப் பொட்டலம் வாங்கினால் எப்போது மாற்ற வேண்டும் என்று தெரியும்.

லேமினேஷன் வேண்டவே வேண்டாம். பத்திரமாக இருக்கட்டும் என்று ஜெராக்ஸ் கடையில் கொடுத்து லேமினேட் செய்த பிராட்மன் கார்டு ஒன்றைத் தக்கலையில் ஒரு வீட்டில் பார்த்தேன். அதைப் பிரிக்க வழியே இல்லை. செலோ டேப்பும் அப்படித்தான். அந்துருண்டையைக் கார்டு டப்பாவுக்குள் போடாதீர்கள், பிளாஸ்டிக் உறையைக் கெடுக்கும். டப்பாவைச் சுவரை ஒட்டிய மர அலமாரியில் வைக்காமல் இரும்பு பீரோவின் நடுத்தட்டில் வையுங்கள், கரையான் ஏறாது. மழை விட்ட முதல் வெயில் நாளில் டப்பாவைத் திறந்து நிழலில் ஒரு மணி நேரம் காற்றாட வைத்து, ஜெல்லை மாற்றி மூடுங்கள்.